வீட்டுக்காக ஒரு பிள்ளை: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள், அன்றும் இன்றும்

(தானா ராத்தாவில் தோட்டத்துக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை என்றால் நமக்கு ஓய்வு நாள் இல்லை என்பது எனக்குத் தெரியும். துணி துவைக்க வேண்டும், சந்தைக்குப் போக வேண்டும், பிள்ளைகளுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டும். அதையெல்லாம் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

தேயிலைத் தொழிலின் வரலாறு பற்றிப் பேசச் சொன்னார்கள். அம்மாவிடம் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்த கை அது. "வரலாறு கிடக்கட்டும்டி, அந்த வீட்டைப் பத்திப் பேசுவியா?" என்று கேட்டார். ஆகவே இன்றைய பேச்சு வீட்டைப் பற்றியது. வரலாறு தானாக உள்ளே வந்துவிடும்.

முதலில் மலையை விட்டுக் கீழே இறங்கிக் கடற்கரைக்குப் போவோம். நம் குடும்பங்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. நம் தாத்தா பாட்டிகளில் பெரும்பாலோர் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பல் ஏறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கியவர்கள். ரஜூலா என்ற பெயரை வீட்டில் கேட்டிருப்பீர்கள். 1926-இல் ஓடத் தொடங்கி 1974-இல் உடைக்கப்பட்ட கப்பல். மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் பாய் விரித்து ஆயிரக்கணக்கில் சனம் வந்தது. இறங்கியதும் ஊருக்குள் விடமாட்டார்கள். நோய் இருக்கிறதா என்று பார்க்கத் தனி முகாமில் அடைத்து வைப்பார்கள். பினாங்கு வழி வந்தவர்களுக்கு அது ஜெரஜாக் தீவு. முகாமிலிருந்து வெளியே வந்தால் கங்காணியோ தோட்டத்து ஆளோ காத்திருப்பார். வேலையும் வீடும் ஒன்றாகக் கிடைக்கும். அப்போது அது பெரிய ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். ஊர் பெயர் தெரியாத நாட்டில், இரவு தலை சாய்க்க ஒரு கூரை.

போர்ட் சுவெட்டன்ஹாம் 1901-இல் திறந்த துறைமுகம். சதுப்பு நிலம், கொசு, மலேரியா. திறந்த வேகத்திலேயே ஆட்கள் காய்ச்சலில் விழ, மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் தண்ணீரை வடியவைத்து, காட்டை வெட்டி, அந்த ஊரைக் காப்பாற்றினார். 1972-இல் அது போர்ட் கிள்ளான் ஆனது. தலையிலும் முதுகிலும் மூட்டை சுமந்த வேலையெல்லாம் கொள்கலன் பெட்டி வந்த பிறகு பாரந்தூக்கிக்குப் போய்விட்டது. அந்த வேலை போன குடும்பங்கள் எனக்குத் தெரியும். கஷ்டப்பட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். துறைமுகத்தில் வேலை போனால் ஊர் போவதில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாலும் அடுத்த தெருவில் வாடகைக்கு ஓர் அறை கிடைக்கும். கடை அதேதான், கோயில் அதேதான், பிள்ளையின் பள்ளிக்கூடமும் அதேதான். தோட்டத்தில் வேலை போனால் ஊரே போய்விடுகிறது. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இந்த ஒரு வித்தியாசத்தைத்தான்.

இப்போது மலைக்கு ஏறுவோம். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885-இல் இந்த மேட்டு நிலத்தைக் கண்டதாகச் சொல்வார்கள். கண்டார் என்பது வெள்ளைக்காரர் கணக்கு. பூர்வகுடி மக்கள் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே இங்கே இருந்தவர்கள். 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் குளிர்ச்சியான ஓய்விடமாக இதை ஆக்கும் திட்டம் சூடு பிடித்தது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை 1931-இல் முடிந்தது. அதற்கு முன்பே, 1929-இல், ஜே. ஏ. ரசல் என்பவர் போ தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய மில்ன் என்பவர் துணை. 1933-இல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தோட்டம் வந்தது. கம்போங் ராஜா பக்கம் புளூ வேலி.

காலத்தைக் கவனியுங்கள். 1929 என்பது உலகமே பொருளாதார வீழ்ச்சியில் விழுந்த ஆண்டு. 1920-களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்தது. 1930-இல் அது 40 காசும் 32 காசுமாக இறங்கியது. ரப்பர் விலை விழுந்ததும் 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மலாயாவிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வேலை இல்லையென்றால் வீடு இல்லை, வீடு இல்லையென்றால் நாடே இல்லை. அதே ஆண்டுகளில்தான் இங்கே காடு வெட்டிக் கன்று நட்டார்கள். சேலத்து வெயிலிலும் திருச்சி வெயிலிலும் பிறந்தவர்கள் இந்தக் குளிரில் சாக்கைப் போர்த்திக்கொண்டு சரிவில் குழி தோண்டினார்கள். இன்றைக்குச் சுற்றுப்பயணிகள் படம் பிடிக்கும் பச்சைப் பாய் யார் கையால் விரிந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜப்பான்காரன் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது தனியாகப் பேச வேண்டிய துயரம். தேயிலை கவனிப்பாரற்றுக் கிடந்தது, சோற்றுக்கு மரவள்ளி. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பவே இல்லை.

போருக்குப் பிறகு தோட்டம் மறுபடி எழுந்தது. நம்மில் வயதானவர்களுக்குத் தெரிந்த தோட்டம் அதுதான். விடிவதற்கு முன் பெரட்டு. கூடையைத் தலையில் மாட்டி இரண்டு இலை ஒரு கொழுந்து. ஆயாக் கொட்டகையில் குழந்தையை விட்டுவிட்டு மேலே ஏறினால் மதியம்தான் பால் கொடுக்க இறங்கலாம். நிறுக்கும்போது கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். மழை நாளில் எடுத்த இலையில் பாதி தண்ணீர் என்று கிராணி சொன்னதை அம்மா இன்றும் சொல்லிக் காட்டுவார். "தண்ணிய எடுத்தா தண்ணிக்குக் கூலி கொடுக்கணும்ல, மலையில ஏறினது நான்தானே" என்பார். அப்பா தேயிலைப் பட்டறையில் வேலை. இலையை வாட்டி, உருட்டி, நிறம் மாற விட்டு, சூட்டில் காயவைத்து, சலித்துத் தரம் பிரிக்க வேண்டும். நாலைந்து கிலோ பச்சை இலை ஒரு கிலோ தேயிலையாகும். அப்பா சட்டையில் எப்போதும் வறுத்த வாசனை இருக்கும். தோட்டத்தை விட்டு வந்த பிறகும் அந்த வாசனை போகவில்லை என்று எனக்குத் தோன்றும்.

லயம் எப்படி இருந்தது? முன்னே ஒரு திண்ணை, நடுவில் அறை, பின்னே அடுப்படி. சுவர் அடுத்த வீட்டுக்கும் பொது, அங்கே இருமினால் இங்கே கேட்கும். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்த வழியில்தான் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் வந்தன. கோயிலுக்கு நாம் காசு சேர்த்தோம், இடம் தோட்டத்துடையது. கடை தோட்டத்துக்குள், மருந்து கொடுக்கும் டிரெசர் தோட்டத்துக்குள். பிறப்பு முதல் சாவு வரை ஒரே வேலிக்குள் எல்லாம் இருந்தது, நம் பெயரில் எழுதிய ஒரு சாண் நிலம் மட்டும் இல்லை.

சுதந்திரம் வந்தது. 1957 ஆகஸ்டு 31-க்குப் பிறகு, 1962 செப்டம்பர் முடியும் வரை, இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை கிடைத்தது. 1962 அக்டோபரிலிருந்து பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று மாறியது. வெளியே பிறந்து வந்த பெரியவர்கள் மனுப் போட்டுத்தான் பெற முடியும். மனுப் போட ஒரு நாள் கூலியை விட்டுப் பட்டணத்துக்கு இறங்க வேண்டும், எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். "நமக்கென்ன, துரை பார்த்துக்குவாரு" என்று பலர் விட்டுவிட்டார்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று கண்டிப்பு வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றவர்கள் இவர்கள்தாம். பல்லாயிரம் பேர் அதே பழைய துறைமுகங்கள் வழியாக, பார்த்தே இராத "சொந்த ஊருக்கு"ப் போனார்கள்.

இனி எங்கள் வீட்டுக் கதை. எந்தத் தோட்டம் என்று சொல்லப்போவதில்லை. உங்களில் பாதிப் பேர் வீட்டில் இது நடந்திருக்கும்.

நாங்கள் மூன்று பிள்ளைகள். அண்ணன் எங்களில் கெட்டிக்காரர். கணக்கில் புலி. படிவம் ஐந்து முடித்த வருடம் அப்பாவுக்கு 53 வயது. ஓய்வு வயது அப்போது 55. அப்பா ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டிலிருந்து யாராவது ஒருவர் தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால் வீடு நிற்கும். இதை யாரும் அண்ணனிடம் உட்கார்ந்து பேசவில்லை. ஒரு நாள் இரவு சாப்பிடும்போது அப்பா, "லோரிக்கு ஆள் கேக்குறாங்க" என்றார். அண்ணன் தட்டைப் பார்த்தபடியே "சரிப்பா" என்றார். அவ்வளவுதான். மறு வாரம் தேயிலை ஏற்றும் லோரியில் ஏறினார். அக்காவும் நானும் படித்தோம். நான் கணக்காளராக வேலை செய்கிறேன். அந்தக் கணக்கு யாருடையது என்று எனக்குத் தெரியும்.

தோட்டத்தை விட்டு ஏன் இவர்கள் வெளியே வரவில்லை, சோம்பேறிகள், குடிகாரர்கள் என்று பட்டணத்தில் சிலர் பேசுவார்கள். நம் சமுதாயத்து ஆட்களே பேசுவார்கள். குடி இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் வீட்டுக்காக ஒரு பிள்ளையைத் தோட்டத்துக்குக் கொடுத்த குடும்பங்கள் எத்தனை என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. அது வாடகை. காசாகக் கட்டவில்லை, பிள்ளையாகக் கட்டினோம்.

அப்படிக் கொடுத்தும் வீடு நிற்கவில்லை. அண்ணன் லோரி ஓட்டி ஒன்பதாவது வருடம் முதுகு வலி வந்து வேலையை விட்டார். ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான், குறை சொல்ல முடியாது. சாவியை ஒப்படைக்க ஒரு தேதி. அப்பா அந்தத் தேதியை முருகன் காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டார். கடைசி வாரம் பின்பக்கம் ஏற்றிவிட்ட சௌசௌக் கொடியைப் பிடுங்கவா விடவா என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை. விட்டுவிட்டுத்தான் வந்தோம். சில நிர்வாகங்கள் ஓய்வு பெற்றவர்களிடம் இரக்கம் காட்டியதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இரக்கம் துரை மாறினால் மாறிவிடும்.

இது நமக்கு மட்டும் நடந்ததா? தமிழ்நாட்டில் திருநெல்வேலிக்கு மேற்கே மாஞ்சோலை என்ற தேயிலை மலை இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு பம்பாய்க் கம்பெனி அதை எடுத்தது. எந்த ஆண்டு தெரியுமா? 1929. போ தோட்டம் தொடங்கிய அதே ஆண்டு. குத்தகை 2028-இல் முடிகிறது. 2024-இல் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னது. நாலு தலைமுறை இருந்த சனம் நீதிமன்றத்துக்குப் போனது. இதே மக்கள் 1999 ஜூலை 23-இல் கூலி உயர்வும் கைதானவர்களின் விடுதலையும் கேட்டு நெல்லையில் ஊர்வலம் போனபோது, போலீஸ் தடியடிக்குப் பயந்து தாமிரபரணியில் இறங்கிப் 17 பேர் செத்தார்கள். இலங்கை மலையகத்தில் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தமிழரின் குடியுரிமையையே எடுத்துவிட்டது. அங்கேயும் அதே லயம், அதே பெரட்டு. கடல் தாண்டினாலும் தேயிலைக்கு ஒரே கணக்குதான் போலிருக்கிறது.

இன்றைக்குத் தோட்டத்தில் என்ன நடக்கிறது? கையால் கிள்ளிய இடத்தில் பை வைத்த கத்தரி வந்தது. பிறகு இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து வரிசை மேலே ஓட்டும் இயந்திரம் வந்தது. லயங்களில் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்துப் பிள்ளைகள், நேப்பாளிகள், இந்தோனேசியர். நம் ஆட்கள் தானா ராத்தா, பிரிஞ்சாங் கடைகளில், தங்கும் விடுதிகளில், காய்கறிக் கொட்டகைகளில், டாக்சியில். சிலர் அந்த வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். கொஞ்சம் யோசியுங்கள். ஊரில் ஏஜெண்டிடம் கடன் வாங்கி வருகிறான். நம் தாத்தா கங்காணியிடம் பட்ட கடன் அது. அவன் பாஸ்போர்ட்டை இன்னொருவர் பிடித்து வைத்துக்கொள்வது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். நம் திண்ணையில் இப்போது அவன் உட்கார்ந்திருக்கிறான். பேசுங்கள், ஒரு வாய் தேத்தண்ணி கொடுங்கள்.

சரி, கைக்குப் பயன்படும் விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் இன்னும் வேலையில் இருக்கும் குடும்பங்கள் காது கொடுங்கள்.

தொழிலாளர் வீட்டு வசதிக்கு 1990-இல் சட்டம் வந்தது, 446-ஆம் சட்டம். தண்ணீர், விளக்கு, கழிப்பறை எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதில் விதி உண்டு. கூரை ஒழுகினால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் வேலையில் இருக்கிறவருக்கு. வேலை முடிந்த மறுநாள் நீங்கள் எங்கே படுப்பீர்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் 900 வெள்ளியாக வந்தது, 2025-இல் 1,700 வெள்ளி ஆகியிருக்கிறது. குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலையிலிருந்து 60. எங்கள் அப்பாவுக்குக் கிடைக்காத ஐந்து வருடம் உங்களுக்கு இருக்கிறது. அதை வீட்டுக்குப் பயன்படுத்துங்கள். மலிவு விலை வீட்டுக்கு மனுப் போடுவதை ஓய்வுக் கடிதம் வந்த பிறகு தொடங்காதீர்கள், ஐம்பதிலேயே தொடங்குங்கள். ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் முதல் மூன்று கணக்கு இருக்கிறது. வீடு வாங்க எடுக்கக்கூடியது செஜாத்ரா கணக்கில் உள்ள பணம். கையில் ஒரேயடியாகப் பணம் வரும் 55 வயதில் மச்சான் கார் வாங்கச் சொல்வார், மருமகன் கடை போடச் சொல்வார். வீடு இல்லாதவர் முதலில் வீட்டைப் பாருங்கள்.

தோட்டம் விற்கப்பட்டாலோ ஆட்குறைப்பு நடந்தாலோ 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி இழப்பீடு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து வருடம் வரை 15 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள். 25 வருடம் உழைத்தவருக்கு 500 நாள் சம்பளம் ஆகிறது. ஓய்வு வயதில் போகிறவருக்கு இது பொருந்தாது, தானாக ராஜினாமா எழுதிக் கொடுத்தவருக்கும் பொருந்தாது. அதனால்தான் சொல்கிறேன், புரியாத தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். "எல்லாரும் போட்டாச்சு" என்று சொன்னாலும், நாளைக்குப் போடுகிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தவரிடம் காட்டுங்கள்.

கடைசியாகப் பழைய காகிதங்கள். தாத்தாவின் சிவப்புக் கார்டு, பாட்டியின் கப்பல் சீட்டு, அப்பாவின் சம்பளச் சீட்டு, பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவு, பிறப்புப் பத்திரம். வீடு மாறும்போது நாம் முதலில் எரிப்பது இவற்றைத்தான். குழந்தை பிறந்தால் 60 நாளுக்குள் பதிய வேண்டும். பதியாமல் விட்டுப் பத்து, இருபது வருடம் கழித்து அலையும் பிள்ளைகள் இந்த மலையிலும் இருக்கிறார்கள். அப்போது, இங்கேதான் பிறந்தான் என்று காட்ட, பழைய தமிழ்ப்பள்ளிப் பதிவேட்டில் உள்ள ஒரு வரிகூட உதவும். பள்ளி மூடப்போகிறது, இடம் மாறப்போகிறது என்று கேள்விப்பட்டால் அந்தப் பதிவேடு எங்கே போகிறது என்று உடனே விசாரியுங்கள்.

சென்ற தைப்பூசத்துக்கு அம்மாவைப் பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலுக்கு அழைத்து வந்தோம். திரும்பும் வழியில் பழைய லயத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அண்ணன்தான் காரை ஓட்டினார். எங்கள் வீட்டு வாசலில் ஒரு வங்காளதேசத்துத் தம்பி கைப்பேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். அம்மா அவனைப் பார்க்கவில்லை, பின்பக்கம் எட்டிப் பார்த்தார். சௌசௌக் கொடி கூரை வரைக்கும் ஏறியிருந்தது. அந்தத் தம்பி ஒரு பை நிறையக் காய் பறித்துக் கொடுத்தான்.

காகிதம் கொண்டு வந்தவர்கள் பின்வரிசையில் இருக்கும் மேசைக்கு வாருங்கள். மனு நிரப்ப இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், காசு கிடையாது. கொண்டு வராதவர்கள் அடுத்த ஞாயிறு கொண்டு வாருங்கள். தேத்தண்ணி வெளியே இருக்கிறது, ஆறுவதற்குள் குடியுங்கள்.